கூடவே நடக்கிற சுவர்: மாரடைப்பின் காயத்தை எக்கோவில் பார்ப்பது எப்படி

ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் ஓடும்போது வடம் பிடிக்கிற கூட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மாடியில் நின்று பார்த்தால் எல்லோரும் இழுக்கிற மாதிரிதான் தெரியும். பக்கத்தில் போனால்தான் வண்டவாளம் புரியும். சிலருக்குத் தோள் புடைத்து, கழுத்து நரம்பு தெறிக்கும். சிலர் வடத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா கூடவே நடப்பார்கள். தேர் நகர்கிறது, அவர்களும் நகர்கிறார்கள், அவ்வளவுதான்.

எக்கோ என்பது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி இதயத்தைப் படமெடுக்கிற சோதனை. அந்த எக்கோ அறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்வது இதைத்தான். மாரடைப்பில் அடிபட்ட தசை அப்படியே அசையாமல் நிற்கும் என்று தேடாதீர்கள். பக்கத்துத் தசை இழுக்கிற இழுப்பில் அதுவும் நகரும். சுவர் நகர்கிறதா என்பதை விடுங்கள். தடிக்கிறதா என்று பாருங்கள். நல்ல தசை ஒவ்வொரு துடிப்பிலும் உள்பக்கம் வரும்போது புஜம் மாதிரி புடைக்கும். செத்த தசை புடைக்காது, கூடவே நடக்கும்.

திருநெல்வேலியில் எக்கோ டெக்னீஷியனாக இருபது வருடம் தாண்டிவிட்டது. நோயாளிகள் டாக்டரம்மா என்பார்கள். இல்லை, படம் எடுக்கிற அக்கா என்று திருத்துவேன். ரிப்போர்ட்டில் கையெழுத்து இதய மருத்துவருடையது, முடிவும் அவருடையது. ஆனால் அவர் பார்க்கிற படம் நாம் எடுத்துக் கொடுப்பது. நாம் காட்டாத சுவரை அவரால் பார்க்க முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். படுக்கையில் ஏறும்போதே பாதிப் பேர் கேட்கிற கேள்வி, ‘எத்தனை அடைப்பு இருக்கும்மா?’ சாதாரண எக்கோவில் அடைப்பு தெரியாது. அதற்கு ஆஞ்சியோகிராம். எக்கோவில் தெரிவது அடைப்பால் வந்த சேதம். தாமிரபரணி வாய்க்காலில் எங்கே மண் சரிந்தது என்று தெரியாவிட்டாலும், எந்த வயல் வாடியிருக்கிறது என்று பார்த்தால் எந்த மடை அடைத்தது என்று ஊகிக்கலாம் இல்லையா, அது மாதிரி. முன்சுவரும் இடைச்சுவரின் முன்பாதியும் நுனியும் வாடியிருந்தால் எல்.ஏ.டி. என்கிற முன்பக்கக் குழாய். அடிச்சுவர் என்றால் பெரும்பாலும் ஆர்.சி.ஏ. என்கிற வலப்பக்கக் குழாய். பக்கச்சுவர் என்றால் சர்க்கம்ஃப்ளெக்ஸ். எல்லைகள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனாலும் இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இடக்கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் விலா இடைவெளி கொஞ்சம் விரியும். இதயமும் நெஞ்சுச் சுவருக்குக் கிட்டே வரும். ஜெல்லியைத் தடவுவதற்கு முன்னால் ‘சில்லுன்னு இருக்கும்’ என்று சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலியோடு வந்த ஆள் திடுக்கிட்டுக் கையை இறக்கினால் படம் போச்சு. ஈ.சி.ஜி. ஒயர் மூன்றையும் ஒட்டாமல் ஆரம்பிக்கவே கூடாது. எந்த நொடி விரிவு, எந்த நொடி சுருக்கம் என்று மெஷினுக்குச் சொல்வது அந்தக் கோடுதான். அவசரம் என்று அதைத் தவிர்க்கிற பிள்ளைகளிடம் நான் கோபப்படுவேன், இன்றைக்கும்.

அப்புறம் மெஷின். ஆழத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். இடது கீழறை திரையில் பெரிதாக இருக்கட்டும். படத்தின் அகலத்தைக் குறைத்தால் நொடிக்கு எடுக்கிற பிரேம் கூடும். சுவரசைவு பார்க்க அது முக்கியம். சிலருக்கு, முக்கியமாகப் பீடி குடித்து நுரையீரல் ஊதிப்போனவர்களுக்கு, நெஞ்சில் எங்கே வைத்தாலும் புகைமூட்டம்தான் வரும். மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே, விலா முடிகிற இடத்துக்குக் கீழே ப்ரோபை, அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்குகிற கைக்கருவியை, வைத்து மேல்நோக்கிப் பாருங்கள். பல நேரம் அந்த ஒரு ஜன்னல்தான் காப்பாற்றும். நெஞ்சில் வைத்துப் பார்க்கும்போது ‘மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்க’ என்று சொல்லிவிட்டு, திரும்ப ‘மூச்சு விடுங்க’ என்று சொல்ல மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள். நான் மறந்திருக்கிறேன், அந்தத் தாத்தா முகம் சிவந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மெஷின் பழசு என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதை ஆரம்பித்தபோது, மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்துக்குள் விரிசல் தேடுகிற கருவியைத்தான் முதலில் நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். 1953 அக்டோபர் 29 அன்று துடிக்கிற இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். திரையில் தெரிந்தது சில கோடுகள். நம் பழைய மெஷின் அதற்கு எவ்வளவோ மேல்.

எந்தெந்தக் கோணம் என்பது புத்தகத்தில் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்பெலும்பு ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஒன்று. அங்கேயே ப்ரோபைத் திருப்பிக் குறுக்குவெட்டில் மூன்று: மைட்ரல் வால்வு மட்டம், தூண் தசை மட்டம், நுனி. பிறகு இதய நுனியிலிருந்து நான்கு அறை, இரண்டு அறை, மூன்று அறை. இந்த ஏழில் எதை விட்டாலும் ஏதோ ஒரு சுவர் கணக்கில் வராமல் போகும். இரண்டு அறைக் காட்சியை அவசரத்தில் விட்டால் முன்சுவரையும் அடிச்சுவரையும் முழு நீளத்துக்குப் பார்க்கிற ஒரே காட்சி போய்விடும். எனக்கு மிகவும் பிடித்தது தூண் தசை மட்டத்துக் குறுக்குவெட்டு. வட்டமாக, உளுந்தவடை மாதிரி. மூன்று குழாய்களின் வயலும் ஒரே படத்தில் வந்துவிடும்.

இப்போது கண்ணுக்கு வேலை. வடையை முழுசாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் முழு வட்டமும் சேர்ந்து சுருங்குகிற மாதிரிதான் தெரியும். ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் உங்கள் கையை வைத்து மற்றதை மறைத்துவிட்டு, அந்தத் துண்டை மட்டும் நான்கு துடிப்பு பாருங்கள். உள்கோட்டுக்கும் வெளிக்கோட்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கூடுகிறதா? நல்ல சுவர் விரிந்திருக்கும்போது 8, 9 மில்லிமீட்டர் இருந்தால், சுருங்கும்போது 12, 13 ஆகும். 9 ஆக இருந்தது 9 ஆகவே இருந்தால் அது கூட நடக்கிற ஆள். சந்தேகம் வந்தால் படத்தை நிறுத்தி, முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரேமாக உருட்டுங்கள். அளந்தும் பார்க்கலாம். ஆனால் முதலில் கண், அப்புறம்தான் அளவு.

அடைப்பு விழுந்த உடனே இது நடந்துவிடும் என்பதுதான் ஆச்சரியம். 1935-இல் டென்னன்ட், விக்கர்ஸ் என்ற இரண்டு பேர் நாயின் இதயக் குழாயைக் கட்டிப் பார்த்தார்கள். சிறிது நேரத்திலேயே அந்தப் பகுதி சுருங்குவதை விட்டுவிட்டு, மற்றத் தசைகள் சுருங்கும்போது வெளியே பிதுங்க ஆரம்பித்தது. ரத்தம் குறைந்தால் முதலில் தசை தளர்வது கெடும், அடுத்து சுவரசைவு, அதற்கப்புறம் ஈ.சி.ஜி. மாற்றம், வலி கடைசியில். அதனால்தான் வலி வந்து, ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெளிவாக இல்லாதபோது எக்கோவைக் கூப்பிடுகிறார்கள். ஈ.சி.ஜி.யே மாரடைப்பு என்று கத்திச் சொன்னால் எக்கோவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அடைப்பை எடுக்கிற கேத் லேபுக்குப் போகிற வழியை நாம் மறிக்கக் கூடாது.

பார்த்ததற்கு மார்க் போட வேண்டும். இடது கீழறையை 16 துண்டாகப் பிரிக்கிறோம்: வால்வுப் பக்கத்து மேல்பகுதியில் 6, நடுவில் 6, நுனியில் 4. நன்றாகத் தடித்தால் 1. குறைவாகத் தடித்தால் 2. தடிக்கவே இல்லை என்றால் 3. எல்லாம் உள்ளே வரும்போது வெளியே பிதுங்கினால் 4. கூட்டி, பார்த்த துண்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ஓர் உதாரணம்: எல்.ஏ.டி. அடைத்த ஒருவருக்கு நுனியின் நான்கு துண்டும் 3, நடு இடைச்சுவரின் முன்துண்டு 3, நடு முன்சுவர் 2, மீதி பத்தும் 1. மொத்தம் 27. பதினாறால் வகுத்தால் 1.69. எல்லாம் சரியாக இருக்கிறவருக்கு 1 வரும். தெரியாத துண்டுக்கு மனதில் தோன்றிய மார்க்கைப் போடாதீர்கள். தெரியவில்லை என்று எழுதுங்கள். அது அவமானம் இல்லை.

இனி என் தப்பு ஒன்று. வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருடம் இருக்கும். அரிசி ஆலையில் வேலை பார்த்த ஐம்பது வயதுக்காரர், பெரிய முன்சுவர் மாரடைப்பு, மூன்றாம் நாள். நான்கு அறைக் காட்சியில் இதய நுனி உருண்டையாக, அழகாக, நன்றாகச் சுருங்குகிற மாதிரி வந்தது. ‘க்ளாட் இல்லை’ என்று எழுதிவிட்டேன். சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து ப்ரோபை ஒரு விலா இடைவெளி கீழே இறக்கி, கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளினார். இதயம் திரையில் நீண்டது. உருண்டையாக இருந்த நுனி கூராக மாறியது. நான் நுனி என்று நினைத்தது நுனியே இல்லை. பக்கத்துச் சுவரைச் சாய்வாக வெட்டியிருக்கிறேன். உண்மையான நுனி அசையாமல் கிடந்தது, அதன் மடியில் நெல்லிக்காய் அளவுக்கு ரத்தக்கட்டி. டாக்டர் திட்டவில்லை. ப்ரோபை என் கையில் கொடுத்து, ‘நீயே திரும்ப எடு’ என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. நுனி உருண்டையாக, தடித்து, ரொம்ப நன்றாகச் சுருங்கினால் நம்பாதே. ஒரு விலா கீழே இறங்கு. நான்கு அறையிலும் இரண்டு அறையிலும் இடது கீழறையின் நீளம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வந்தால் ஏதோ ஒன்றில் நுனியை வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கட்டியைத் தேடும்போது ஆழத்தைக் குறைத்து, குவியத்தை நுனிக்குக் கொண்டு வாருங்கள். ப்ரோபுக்கு மிக அருகில் வருகிற மங்கல் கட்டி மாதிரியே ஏமாற்றும். கட்டிக்கு ஓரம் தெளிவாக இருக்கும், இரண்டு காட்சியிலாவது தெரியும், அதன் கீழே உள்ள சுவர் அசையாமல் இருக்கும். நன்றாகச் சுருங்குகிற நுனியில் கட்டி என்று தோன்றினால் பெரும்பாலும் அது மங்கல்தான். பெரிய முன்சுவர் மாரடைப்புக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் இதை ஒவ்வொரு முறையும் தேட வேண்டும்.

மாரடைப்பு இல்லாமலே சுவர் கோணலாக ஆடுகிற ஆட்களும் உண்டு. இடப்பக்க மின்பாதை தடைபட்டவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், பைபாஸ் முடிந்தவர்கள்: இவர்களுக்கு இடைச்சுவர் துள்ளும், அல்லது திசை மாறிப் போகும். புதியவர்கள் உடனே 3 போட்டுவிடுவார்கள். அங்கேயும் அதே கேள்விதான், தடிக்கிறதா? அசைவு கோணலாக இருந்தும் தடித்தால் தசை உயிரோடு இருக்கிறது. அடிச்சுவரின் மேல்பகுதி நல்ல இதயத்திலேயே கொஞ்சம் சோம்பேறியாகத் தெரியும். ஒரே காட்சியை வைத்து அதைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இன்னொரு வேடதாரியை மறக்க முடியாது. மகனைப் பறிகொடுத்த மறுநாள் ஓர் ஆச்சியை நெஞ்சுவலி என்று கூட்டி வந்தார்கள். ஈ.சி.ஜி. மாரடைப்பு மாதிரியே இருந்தது. எக்கோவில் நுனி முழுக்க ஊதிப்போய் நிற்கிறது, மேல்பகுதி மட்டும் வெறித்தனமாகச் சுருங்குகிறது. ஆனால் அசைவின்மை ஒரு குழாயின் எல்லையில் நிற்கவில்லை. முன்சுவர், பக்கச்சுவர், அடிச்சுவர் என்று மூன்று வயலும் ஒரே மட்டத்தில் சுற்றிவர வாடியிருந்தது. ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை. ஜப்பான்காரர்கள் 1990-இல் இதற்கு டாகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கிற பானை, கழுத்து குறுகி அடி பருத்திருக்கும். ஆனால் எக்கோவை மட்டும் வைத்து அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. ஆஞ்சியோ பார்த்துத்தான் சொன்னார்கள். சில வாரத்தில் ஆச்சியின் இதயம் பழையபடி ஆனது.

ஈ.எஃப்., அதாவது ஒரு துடிப்பில் இடது கீழறை எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்கிற கணக்கு, அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டுக்காரர்கள் விட மாட்டார்கள். டீக்கடையில்கூட ‘உங்களுக்கு எத்தனை? எனக்கு நாற்பது’ என்று பேசிக்கொள்கிறார்கள். விரிந்தபோது இடது கீழறையில் 110 மில்லி, சுருங்கியபோது 68 மில்லி என்றால் வெளியே போனது 42 மில்லி, அதாவது 38 சதவீதம். நூறு யாருக்கும் வராது. ஆண்களுக்கு 52 முதல் 72, பெண்களுக்கு 54 முதல் 74 இயல்பு. பரீட்சை மார்க் மாதிரி 60 என்றதும் முகம் வாடுகிறவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எம்-மோடில் ஒரே கோட்டில் அளந்து ஈ.எஃப். போடுகிற பழைய வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. அந்தக் கோடு வெட்டுவது இதயத்தின் மேல்பகுதியை. நுனி செத்தவருக்கும் மேல்பகுதி நன்றாகத்தான் இருக்கும். மெஷின் 60 என்று காட்டும். மாரடைப்பு வந்தவருக்கு எம்-மோடு ஈ.எஃப். எழுதவே எழுதாதீர்கள். நான்கு அறை, இரண்டு அறை இரண்டிலும் உள்கோட்டை வரைந்து, சிம்ப்சன் முறையில் கணக்கெடுங்கள். வரையும்போது தூண் தசையை உள்ளே விட்டுவிட்டு, சுவரின் கோட்டோடு போங்கள்.

காயம் புதிதா பழையதா என்று சுவரே சொல்லும். புதிய மாரடைப்பில் தடிமன் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், புடைப்பது மட்டும் இருக்காது. பழைய தழும்பு மெலிந்து, 6 மில்லிமீட்டருக்குக் கீழே போய், வெளுத்துப் பளிச்சென்று தெரியும். அங்கே தசை மீள்வதற்கு வாய்ப்பு குறைவு. தடிமன் குறையாத சுவர் இன்று அசையவில்லை என்பதற்காகச் செத்தது என்று சொல்லிவிடக் கூடாது. அடைப்பு எடுத்த பிறகும் சில நாள், சில வாரம் மயங்கிக் கிடந்து எழுந்திருக்கிற தசை உண்டு. அதனால்தான் முதல் நாள் ஈ.எஃப்.பை வைத்து யாரும் ஜாதகம் எழுதுவதில்லை. ஷாக் கொடுக்கிற கருவி பொருத்தலாமா என்று முடிவெடுக்கவே மாரடைப்பிலிருந்து 40 நாளாவது பொறுத்துத் திரும்ப எக்கோ பார்க்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. சுவர் எல்லாம் நன்றாக இருப்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று ஆகாது. சுவர்த் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காவது அடிபட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். சின்னக் காயம் தப்பித்துவிடும். ‘எக்கோ நார்மல், வீட்டுக்குப் போங்க’ என்று நம் வாயால் சொல்லவே கூடாது. ட்ரோப்போனின் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார்.

அடிச்சுவர் வாடியிருந்தால் அங்கேயே நிறுத்தாமல் வலது கீழறைக்குப் போங்கள். இரண்டுக்கும் அதே குழாய்தான் பெரும்பாலும். வலது கீழறை வீங்கி, அதன் சுவர் சோர்ந்து, அது சுருங்கும்போது வால்வு வளையம் எவ்வளவு தூரம் நகர்கிறது என்கிற டாப்ஸி அளவு 17 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அந்த நோயாளிக்கு நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை கொடுத்தால் பிரஷர் சரிந்துவிடக்கூடும்.

ரத்தம் ஓடுகிற திசையை நிறத்தில் காட்டுகிற கலர் டாப்ளர் போடாமல் ப்ரோபைக் கீழே வைக்காதீர்கள். முதல் வாரத்துக்குள் நோயாளி திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சில் புது இரைச்சல் கேட்டாலோ மூன்று இடம் பாருங்கள். இடைச்சுவரில் ஓட்டை விழுந்து ரத்தம் வலப்பக்கம் பீச்சுகிறதா? மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தூண் தசை அறுந்து, வால்வு மடல் கொடிக்கயிறு அறுந்த துணி மாதிரி ஆடுகிறதா? பின்பக்கத் தூண் தசை பெரும்பாலும் ஒரே குழாயை நம்பியிருப்பதால் அடிச்சுவர் மாரடைப்பில் அதற்குத்தான் ஆபத்து அதிகம். இதயத்தைச் சுற்றி நீர், அதிலும் கட்டியாக உறைந்தது போல ஏதாவது தெரிகிறதா? அது வெளிச்சுவர் கிழிந்ததாக இருக்கலாம். இவற்றில் எதைப் பார்த்தாலும் ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை அப்புறம். ஒரு கையில் ப்ரோப் இருக்கும்போதே மறு கையில் போனை எடுங்கள்.

ஸ்ட்ரெயின் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். தசை எவ்வளவு சதவீதம் குறுகுகிறது என்று மெஷினே புள்ளி புள்ளியாகத் தொடர்ந்து கணக்கிட்டு, ஒரு வட்டப் படத்தில் நிறம் தீட்டிக் காட்டும். நல்ல இதயத்துக்கு மொத்தம் மைனஸ் 20-ஐ ஒட்டி வரும். கண்ணுக்குத் தப்புகிற சின்னக் காயத்தையும் சில நேரம் பிடித்துக் கொடுக்கும். நல்ல கருவிதான். ஆனால் படம் மோசமாக இருந்தால் அதுவும் மோசமாகத்தான் சொல்லும், அதிலும் வண்ணத்தில் சொல்வதால் நம்பத் தோன்றும். ஒரு கம்பெனி மெஷினில் எடுத்ததை இன்னொரு கம்பெனி மெஷினில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள்.

ரிப்போர்ட்டை எப்படி எழுதுவது? ‘ஆர்.டபிள்யூ.எம்.ஏ. உண்டு’ (ஏதோ ஒரு பகுதியில் சுவரசைவுக் கோளாறு உண்டு) என்று ஒரு வரியில் முடிப்பது எனக்குப் பிடிக்காது. எந்தச் சுவர், எந்த மட்டம், எவ்வளவு, மெலிந்திருக்கிறதா, ஈ.எஃப். எந்த முறையில் எடுத்தது, மைட்ரல் கசிவு எவ்வளவு, கட்டி தேடினீர்களா, நீர் உண்டா, வலது கீழறை எப்படி, எந்தத் துண்டு தெரியவில்லை. ‘கட்டி இல்லை’ என்பதற்கும் ‘நுனி சரியாகத் தெரியவில்லை, கட்டி இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை’ என்பதற்கும் ஒரு மனிதனின் பக்கவாதம் அளவுக்கு வித்தியாசம் உண்டு.

கிளிப்புகளை அழிக்காதீர்கள். ஆறு வாரம் கழித்து அதே ஆள் வரும்போது பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும், நினைவை நம்பி இல்லை. அரிசி ஆலைக்காரர் அப்படி வந்தார், மாத்திரைச் சீட்டும் பழைய ரிப்போர்ட்டும் மஞ்சப் பையில். நான் ஒரு விலா கீழே இறங்கித்தான் ஆரம்பித்தேன். கட்டி கரைந்திருந்தது. நடு முன்சுவர் மெல்லத் தடிக்க ஆரம்பித்திருந்தது. நுனி மட்டும் அப்படியே, மெலிந்து, மற்றவர்களோடு கூடவே நடந்துகொண்டிருந்தது. ‘எப்படிம்மா இருக்கு?’ என்றார். டாக்டர் சொல்வார் என்று சொல்லிவிட்டு, நெஞ்சிலிருந்த ஜெல்லியைத் துடைக்கத் துணியைக் கொடுத்தேன்.